ரெஃப்ரிய அடிச்ச பையன நம்ம டீம்ல எடுக்கலாமா? கமிட்டியில ஒரே சண்ட

செயலாளர்_சிப்புட்:

வணக்கம் எல்லாருக்கும். மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் ஒரு சின்ன காற்பந்து கிளப்புக்கு செயலாளரா இருக்கேன், கிளப் பேரு சொல்லல, இந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு ரெண்டு வரி படிச்சாலே புரிஞ்சிடும். விசயம் என்னான்னா போன சீசன்ல எங்க டீம் கோல் போட ஆளில்லாம நாறிப்போச்சி. டிஃபென்ஸ் பரவால்ல, மிட்ஃபீல்டுல ரெண்டு பையனுங்க உயிரக் குடுத்து ஓடுறானுங்க, ஆனா பந்து பாக்ஸ் கிட்ட போனதும் தெரியாதவங்க கல்யாணத்துல பந்தியில ஒக்காந்த மாதிரி ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துக்கிட்டு நிக்குறானுங்க.

இப்ப ஒரு பையன் வரேங்குறான். பக்கத்து தோட்டத்துல பொறந்து வளந்தவன், 23 வயசு, செம்பனை ஆலையில ஷிஃப்ட் வேலை, எடது காலு. அவன் ஆடிப் பாக்காதவங்களுக்கு ஒண்ணு மட்டும் சொல்றேன். எங்க திடல் ஒரு பக்கம் சரிவு, மழ பேஞ்சா மேக்கால கார்னர் கொடிகிட்ட தண்ணி கட்டிக்கும், அந்த மூலைக்கு எவனும் பந்த கொண்டு போக மாட்டான். இவன் வேணும்னே அங்கதான் ஓட்டிக்கிட்டுப் போவான். தண்ணியில பந்து நின்னுரும்னு இவனுக்குத் தெரியும், பின்னால தொரத்திட்டு வர்றவனுக்குத் தெரியாது, அவன் சறுக்கிக்கிட்டு கொடியையும் தாண்டிப் போயிடுவான், இவன் நின்ன பந்த எடது காலால கிண்டி எடுத்து திரும்பி உள்ள போடுவான். மூணு தடவ பாத்துட்டேன். மூணு தடவயும் வேற வேற ஆளு சறுக்குனான்.

பிரச்சின என்னான்னா ரெண்டு வருசத்துக்கு முன்ன தீபாவளி சமயத்துல நடந்த ஒரு செவன் சைட் போட்டி, ஃபைனல். கடைசி நிமிசத்துல இவன பாக்ஸுக்குள்ள தள்ளி விட்டானுங்க, நான் லைன்கிட்டதான் நின்னேன், பெனால்ட்டிதான் அது, சந்தேகமே இல்ல. ரெஃப்ரி குடுக்கல. இவன் நேரா ஓடிப் போயி அவரு கன்னத்துல விட்டான் ஒண்ணு. கண்ணாடி பறந்து கீழ விழுந்து, யாரு காலுன்னு தெரியல, மிதிபட்டு நொறுங்கிப் போச்சி. திடலே கப்சிப்னு ஆயிடுச்சி, ஐஸ்கிரீம் மோட்டோக்காரரு மணி அடிக்கிறத நிறுத்திட்டாரு.

அந்த ரெஃப்ரி யாருன்னா எங்க பழைய தோட்டத்து டிரஸர் அங்கிள், கிளினிக்ல மருந்து கட்டுறவரு. இப்ப அறுபது தாண்டிட்டாரு. தோட்டத்து கிளினிக் இருந்த காலத்துல இந்த ஊருல பாதி பேரு முட்டியில மருந்து வச்சது அவருதான், இந்தப் பையன் முட்டியிலயும் சேத்துதான். அவரு பாலாய்ல, அதான் போலீஸ் ஸ்டேஷன்ல, ரிப்போர்ட்கூட குடுக்கல. இவனுக்கு ரெண்டு வருசம் தட விதிச்சாங்க, அது இந்த மாசம் முடியுது.

கமிட்டியில ஒம்பது பேரு. நாலு பேரு எடுக்கணும்ங்குறாங்க, நாலு பேரு கூடாதுங்குறாங்க, தலைவரு வாயத் தொறக்க மாட்டேங்குறாரு. ஜெர்சி எடுத்துத் தர்ற வொர்க்‌ஷாப் மொதலாளி எடுங்கங்குறாரு, அவருக்கு கோல் வேணும். பதிவு ஃபாரம் இந்த மாச கடைசிக்குள்ள குடுக்கணும். ஒங்க கருத்து என்னா? திட்டுறதுன்னாலும் பரவால்ல, நல்ல தமிழ்ல திட்டுங்க.

—

இடதுகால்_மன்னன்:

அண்ணே இதுக்கு ஒரு கமிட்டி ஒரு மீட்டிங் தேவையா, எடுங்க லா. தட போட்டாங்க, முடிச்சிட்டான், அவ்வளவுதான். ஜெயில்ல இருந்து வந்தவனுக்கே வேல குடுக்கணும்னு பேசுறோம், ஒரு அடிக்கு ஆயுசு தண்டனையா?

ஒங்க கேஸுக்கு அச்சு அசலா ஒரு கத இருக்கு, பாவ்லோ டி கானியோ. 1998 செப்டம்பர், ஷெஃபீல்ட் வெட்னஸ்டே – ஆர்சனல் மேட்ச், ரெட் கார்டு காட்டுன ரெஃப்ரிய ரெண்டு கையால நெஞ்சுல தள்ளுனாரு, அந்த ரெஃப்ரி பால் அல்காக் பின்னாலயே நாலு எட்டு தள்ளாடிப் போயி ஒக்காந்துட்டாரு. 11 மேட்ச் தட, 10,000 பவுண்ட் அபராதம், இங்கிலாந்துல இனிமே இவர யாரு தொடுவான்னு பேசுனாங்க. 1999 ஜனவரியில வெஸ்ட் ஹாம் மேனேஜர் ஹாரி ரெட்நாப் போயி எடுத்தாரு. அந்த சீசன் வெஸ்ட் ஹாம் லீக்ல அஞ்சாவது எடம்.

இனிமேதான் முக்கியம், கேளுங்க. 2000 டிசம்பர், எவர்ட்டன் மேட்ச், 1-1, கடைசி நேரம். எவர்ட்டன் கீப்பர் கால புடிச்சிக்கிட்டு கீழ கெடக்குறாரு, பந்து டி கானியோகிட்ட வருது, முன்னால கோல் தொறந்து கெடக்கு. அடிச்சா ஜெயிச்சாச்சு. அந்த ஆளு பந்த கையால புடிச்சி நிறுத்திட்டு கீப்பரப் பாருங்கன்னு காட்டுனாரு. அதுக்கு ஃபிஃபா ஃபேர் ப்ளே விருது குடுத்தாங்க. ரெஃப்ரிய தள்ளுன ஆளுக்கு!! ரெட்நாப் அன்னிக்கு கமிட்டி போட்டு நாலுக்கு நாலுன்னு ஒக்காந்திருந்தா இது நடந்திருக்குமா?

ஒழுக்கம்தான் வேணும்னா பஜனைக்கு ஆள் எடுங்க, பந்து ஆட வேற ஆளு வேணும்.

—

பழைய_லைன்மேன்:

தம்பி மன்னன், கத நல்லாத்தான் சொன்னீங்க. பாதியில நிறுத்திட்டீங்க. அதே டி கானியோ 2005ல லாசியோவுல ஆடும்போது கூட்டத்தப் பாத்து ஃபாசிஸ்ட் சல்யூட் வச்சி மறுபடி தடையும் அபராதமும் வாங்குனாரு. ஆளு மாறிட்டாருன்னு சொல்றதுக்கு ஒரு பந்த புடிச்சது பத்தாது.

அது போவட்டும். ஒங்க கதையில கீழ விழுந்தவரு ஒருத்தரு இருக்காரே, பால் அல்காக், அவரப் பத்தி ஏதாச்சும் தெரியுமா? அந்த விழுந்த வீடியோவ வச்சி எத்தன வருசம் சிரிச்சாங்க. வேணும்னே விழுந்தாரு, நாடகம்னு எல்லாம் பேசுனாங்க. 2018ல அவரு செத்துப் போனப்ப வந்த செய்தியிலயும் அந்தத் தள்ளுதான் இருந்துச்சி. தள்ளுனவருக்கு விருது, விழுந்தவருக்கு அந்த வீடியோ.

நான் இந்தப் பக்கத்துல பதினெட்டு வருசம் கொடி புடிச்சவன். சொல்றேன் கேளுங்க. ஒரு மேட்ச்சுக்கு கெடைக்கிற காசு மோட்டோவுக்கு பெட்ரோல் போட்டு, முடிஞ்சதும் ஒரு தே தாரிக் ரொட்டி சாப்ட்டா சரியாப் போச்சி. வெயில்ல தொண்ணூறு நிமிசம் ஓடணும், அம்மாவுலருந்து பாட்டி வரைக்கும் ஏச்சு வாங்கணும், அதையும் சிரிச்சிக்கிட்டே வாங்கணும். அந்த அடி விழுந்த வருசம் எங்க கூட கொடி புடிச்சிட்டு இருந்த ரெண்டு சின்னப் பையனுங்க விசில கழட்டி வச்சிட்டானுங்க. ஒருத்தன் இப்ப கிராப் டாக்ஸி ஓட்டுறான். கூப்ட்டா "அங்கிள், அம்மா விட மாட்டேங்குது"ங்குறான். ஃபிஃபா ஒழுங்கு விதியில ரெஃப்ரி மேல கை வச்சா குறைஞ்சது 15 மேட்ச்னு போட்டு வச்சிருக்கான்னா சும்மாவா போட்டான்.

ஆள எடுங்க, எடுக்காம போங்க, அது ஒங்க கிளப்பு. ஆனா பெனால்ட்டிதான்னு எழுதுனீங்களே செயலாளரே, அந்த வரிதான் எனக்குப் புடிக்கல. பெனால்ட்டியா இருந்தா என்னா, இல்லாட்டி என்னா?

—

செயலாளர்_சிப்புட்:

அண்ணே நியாயம்தான். அந்த வரிய எடுத்துருக்கலாம். ஆனா கமிட்டியில எடுக்கணும்ங்குற நாலு பேரும் மொதல்ல சொல்றது அதான், பெனால்ட்டி குடுத்திருந்தா இதெல்லாம் நடந்திருக்குமான்னு. அதனால எழுதுனேன்.

—

நம்பர்_5:

நான் டிஃபெண்டர், இந்தப் பையனோட வேற ஒரு டீம்ல ஒரு சீசன் ஆடிருக்கேன், அதனால சொல்றேன். யாரும் கேக்காத விசயம் ஒண்ணு, டிரெஸ்ஸிங் ரூம்ல அவன் எப்படின்னு.

கெட்டவன் இல்ல. எங்க கீப்பரு பூட்ஸ் கிழிஞ்சி டேப் சுத்தி ஆடிட்டு இருந்தான், இவன் ஒண்ணுமே சொல்லாம தன்னோட பழைய பூட்ஸ பையில வச்சிட்டுப் போயிட்டான், யாரு வச்சதுன்னு நாங்க ஒரு வாரம் கழிச்சிதான் கண்டுபுடிச்சோம். ஜெயிச்சிட்டு இருக்கும்போது தங்கம். ஆனா ஒரு கோல் பின்னால போனோம்னா அவன் மூஞ்சி மாறும் பாருங்க, அப்பறம் பந்து வரலன்னா கைய விரிச்சி கத்துவான், நாங்க பந்த அவனுக்கே குடுக்க ஆரம்பிப்போம், பயத்துல. அவன் மூணு பேர வெட்டப் பாத்து தொலைப்பான், அங்கேர்ந்து ஓடி வந்து காப்பாத்துறது நானு. அந்த சீசன்ல அவன் 14 கோல் போட்டான், ரெண்டு ரெட் கார்டு வாங்குனான், அந்த ரெண்டு மேட்ச்சும் தோத்தோம். எங்களுக்கு கப்பு இல்ல.

மேன் யுனைட்டெட் ஆளு கான்டோனாவ எல்லாரும் சொல்வாங்க பாருங்க, இன்னும் யாரும் சொல்லல, நானே சொல்லிடுறேன். 1995 ஜனவரி, கிரிஸ்டல் பேலஸ் திடல்ல ரெட் கார்டு வாங்கிட்டு போகும்போது ஏசுன ரசிகன வேலி தாண்டி ஒதச்சாரு. எட்டு மாசம் தட. அந்த சீசன்ல மேன் யுனைட்டெட் லீக்க ஒரே ஒரு பாயிண்ட்ல பிளாக்பர்ன்கிட்ட விட்டாங்க, எஃப்ஏ கப் ஃபைனல்லயும் தோத்தாங்க. அடுத்த சீசன் அவரு திரும்பி வந்து ரெண்டு கப்பும் அடிச்சாங்க, எஃப்ஏ கப் ஃபைனல்ல ஒத்த கோலும் அவரோடதுதான். எல்லாரும் ரெண்டாவது சீசன மட்டும் சொல்வாங்க. மொத சீசன்ல கூட ஆடுனவனுங்க மெடல் போச்சே, அத யாரு குடுப்பா?

எடுக்கலாமா வேணாமான்னா, எடுக்கலாம்னுதான் தோணுது. ஆனா கேப்டன் யாருன்னு பாத்துட்டு எடுங்க. அவன அதட்டுற ஆளு உள்ள ஒருத்தன் இருக்கணும். மேன் யுனைட்டெட்ல மேனேஜரா பெர்குசன் இருந்தாரு. ஒங்க கோச்சு யாருன்னு எனக்குத் தெரியும், நல்ல மனுசன், ஆனா டாக்ஸி ஓட்டிட்டு பாதி டிரெயினிங்குக்கு வர்றதில்ல.

—

சின்னப்பசங்க_கோச்:

நான் இதே ஊருல பன்னெண்டு வயசுக்கு கீழ உள்ள பசங்களுக்கு சொல்லிக் குடுக்குறேன், தமிழ்ப்பள்ளி திடல்ல, சனிக்கிழம காலையில. அந்த அடி விழுந்த அடுத்த சனிக்கிழம என்னா நடந்துச்சின்னா, பசங்க விளையாட்டுல ஒருத்தன் ரெஃப்ரி, ஒருத்தன் அந்த அண்ணன். கன்னத்துல அடிக்கிற மாதிரி நடிச்சி, மத்தவன் கண்ணாடி தேடுற மாதிரி தரையத் தடவி, எல்லாரும் உருண்டு உருண்டு சிரிக்குறானுங்க. நான் ஏசுனேன், நிறுத்தல. அந்தப் பசங்களுக்கு அவன்தான் ஹீரோ, இப்பவும் அவனாட்டம் சாக்ஸ இறக்கி விட்டுக்கிட்டுதான் வர்றானுங்க.

அதுக்காக எடுக்க வேணாம்னு சொல்ல வரல. கிளப்பு எப்படி நடந்துக்குது, அதத்தான் பசங்க பாப்பாங்க. லிவர்பூல்ல ஆடுன சுவாரெஸ் கதைய எடுத்துக்குங்க. எதிர் டீம் ஆளுங்கள கடிச்சதெல்லாம் விடுங்க, மேன் யுனைட்டெட் ஆளு எவ்ரா விசயம். 2011ல எவ்ராவ நிறத்த வச்சி ஏசுனாருன்னு விசாரிச்சி 8 மேட்ச் தட, 40,000 பவுண்ட் போட்டாங்க. தீர்ப்பு வந்த மறுநாள் விகன் மேட்ச்சுக்கு முன்ன லிவர்பூல் டீமே சுவாரெஸ் படம் போட்ட டீ-ஷர்ட்ட மாட்டிக்கிட்டு வார்ம்-அப் பண்ணாங்க. எங்காளு, அவ்வளவுதான். அதுல இருந்த கேரகர் 2019ல டிவியில எவ்ராவ பக்கத்துல வச்சிக்கிட்டே நாங்க பண்ணது தப்புன்னு மன்னிப்பு கேட்டாரு. எட்டு வருசம் ஆச்சி அதுக்கு. நான் சின்ன வயசுலருந்து லிவர்பூல், அந்த டீ-ஷர்ட் போட்டோவ இப்ப பாத்தாலும் ஒரு மாதிரியாத்தான் இருக்கும். 2013-14ல அதே ஆளு லீக்ல 31 கோல் போட்டப்ப ராத்திரி ரெண்டு மணிக்கு மாமாக் கடையில நாற்காலி மேல ஏறி குதிச்சதும் நான்தான், அதையும் சொல்லிடணும்.

என் யோசன. கான்டோனாவுக்கு கோர்ட்டு மொதல்ல ஜெயிலுன்னு சொல்லி, அப்பீல்ல 120 மணி நேரம் சமூக சேவைன்னு மாத்துனாங்க, சின்னப் பசங்களுக்கு பந்து சொல்லிக் குடுத்தாரு. இவனையும் என்கிட்ட அனுப்புங்க, ஒரு மூணு மாசம் சனிக்கிழம வரட்டும். ஆனா சொல்லிக் குடுக்க வேணாம். விசில் ஊதட்டும். பத்து வயசுப் பசங்க மேட்ச்சுக்கு ரெஃப்ரியா நிக்கட்டும், பெனால்ட்டி குடுக்கலன்னா அம்மாக்காரங்க என்னா ஏச்சு ஏசுவாங்கன்னு தெரியட்டும் 😂

—

இடதுகால்_மன்னன்:

ஹாஹா கோச் இது சூப்பர். செஞ்சா நான் வீடியோ எடுக்க வரேன்.

—

மூணாவது_லயம்:

நான் பந்து ஆடுறவ இல்ல, என் அக்கா பையன் அந்த சனிக்கிழம கிளாஸுக்குப் போறான், அதனாலதான் படிச்சிட்டு வந்தேன். கோச் அண்ணே கோவிச்சிக்காதீங்க, ஒங்க யோசனைக்கு நான் ஒத்துக்க மாட்டேன். பெரியவங்க மேல கை வச்சவனுக்கு தண்டனையா எங்க புள்ளைங்க முன்னாடி நிக்க வைப்பீங்களா? அதுக்கு எங்கள ஒரு வார்த்த கேக்க வேணாமா?

கேக்குறதுன்னு சொன்னதும் ஞாபகம் வருது. ஸ்காட்லாந்துல ராய்த் ரோவர்ஸ்னு ஒரு சின்ன கிளப்பு, 2022 ஜனவரி கடைசி நாள்ல ஒரு ஸ்ட்ரைக்கர எடுத்தாங்க. அந்த ஆள் மேல 2017லயே சிவில் கோர்ட்டுல பாலியல் வன்கொடும பண்ணாருன்னு தீர்ப்பு. ஒங்க பையன் பண்ணது அது இல்ல, ரெண்டையும் ஒண்ணா வைக்கவே கூடாது, நான் கிளப்பு பண்ணதப் பத்தி மட்டும் சொல்றேன். முக்கியமா பாக்க வேண்டியது அவரோட பந்துத் திறமதான்னு அறிக்க விட்டாங்க. ஒடனே சட்ட ஸ்பான்சரு விலகிட்டாங்க, அவங்க அந்த கிளப்புக்கு ஆயுசு ரசிகை. பொண்ணுங்க டீம் கேப்டன் போயிட்டாங்க. ரெண்டே மூணு நாள்ல கிளப்பு மன்னிப்பு கேட்டு, அவரு எங்களுக்கு ஆட மாட்டாருன்னு சொல்லிட்டாங்க. ஒருத்தரக்கூட முன்னாடி கேக்கல, அதான்.

இங்க கமிட்டி, ஸ்பான்சரு, கோச்சு, லைன்மேன்னு எல்லாரும் பேசியாச்சு. டிரஸர் அங்கிள யாராச்சும் கேட்டீங்களா? அந்தப் பையன் ரெண்டு வருசத்துல ஒரு தடவயாச்சும் அவர் வீட்டு வாசப்படி மிதிச்சானா? எனக்கு அஞ்சு வயசுல அட்ட கடிச்சி ரத்தம் நிக்காம அழுதப்ப பொயல வச்சி நிறுத்தி, அழுகைய நிறுத்த கிளிசரின் பாட்டிலக் காட்டி ஏதோ கத சொன்னவரு அவரு. அவரு அடி வாங்குன அன்னிக்கு எங்க லயத்துல எத்தன வீட்டுல சோறு எறங்கல தெரியுமா.

—

பழைய_லைன்மேன்:

தங்கச்சி கேட்டது கேள்வி.

இதோட இன்னொன்னு, வயசானவன் சொல்றேன்னு நெனைச்சிக்குங்க. 94ல நம்ம நாட்டுல கெலோங் கேஸு, அதான் காசு வாங்கிட்டு மேட்ச்ச விட்டுக் குடுக்குற கேஸு, வெடிச்சப்ப 126 பேர விசாரிச்சாங்க, 58 பேர சஸ்பெண்ட் பண்ணாங்க, 21 பேர டீம விட்டே தூக்கிட்டாங்க. எல்லாம் ஆடத் தெரியாதவனுங்களா? டிவியில பாத்து நாம கைதட்டுன ஆளுங்க. அதுக்கு முன்ன ஈப்போவுல மேட்ச்சுன்னா தோட்டத்துலருந்து லோரியில ஏறிப் போவோம், நின்னுக்கிட்டே. அதுக்கப்பறம் எங்கப்பா ஸ்டேடியம் பக்கமே வரல. நல்ல கோல் விழுந்தாலும் "காசு எவ்வளவோ"ம்பாரு. ஒரு அடியும் கெலோங்கும் ஒண்ணில்லதான். ஆனா போன கூட்டம் சும்மா திரும்பி வராதுலா, அத பாத்தவன் நான்.

—

செயலாளர்_சிப்புட்:

ஒரு வாரமா பதில் போடல, மன்னிக்கணும். நடந்தத அப்படியே எழுதுறேன், கொஞ்சம் நீளம்.

மூணாவது லயம் தங்கச்சி கேட்டது மண்டையில நின்னுடுச்சி. உண்மையச் சொன்னா நாங்க யாரும் அங்கிள கேக்கல. அவரு அப்பறமும் எங்க மேட்ச்சுக்கு ஊதிக்கிட்டுதான் இருந்தாரு, பாத்தா சிரிப்பாரு, அதனால எல்லாம் சரியாப் போச்சுன்னு நாங்களே முடிவு பண்ணிக்கிட்டோம். புதன்கிழம சாயந்திரம் தாமான்ல அவரு வீட்டுக்குப் போனேன். வெண்டிச் செடிக்கு தண்ணி விட்டுக்கிட்டு இருந்தாரு. விசயத்த சொன்னேன். ஒண்ணும் சொல்லாம உள்ள போயி, மேச டிராயரத் தொறந்து ஒரு சீட்டு கொண்டாந்து குடுத்தாரு. கண்ணாடிக் கட ரசீது, 340 வெள்ளி (ரிங்கிட்). ரெண்டு வருசமா வச்சிருக்காரு. "அவங்க அம்மா மாரியம்மன் கோயில் திருவிழாவுல என்னப் பாத்து அழுதுச்சி. அவன் வரல" அப்படின்னாரு. அவ்வளவுதான் பேசுனாரு, அப்பறம் வெண்டிக்கா பத்து பறிச்சி பையில போட்டுக் குடுத்தாரு.

நான் அன்னிக்கு ராத்திரியே பையன கூப்ட்டேன். ஏன்டா போகலன்னு கேட்டேன். மொதல்ல ஷிஃப்ட் அது இதுன்னான், அப்பறம் "பயமா இருந்துச்சிண்ணே, அவரு ஏசுனா பரவால்ல, ஏசலன்னா என்னா பண்றது"ன்னான். ரசீது விசயத்த நான் சொல்லல. சத்தியமா சொல்லல. எவ்வளவு ஆச்சின்னு அவனேதான் கேட்டான், அப்பறம்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழம நைட் ஷிஃப்ட் முடிஞ்சி சனிக்கிழம காலையில போனான். நான் கூட போகல, தெரு முனையில காடிக்குள்ள ஒக்காந்திருந்தேன். கேட்டுகிட்ட மோட்டோவ நிறுத்திட்டு எறங்காம அப்படியே இருந்தான், ஹெல்மெட்கூட கழட்டல, இருபது நிமிசம் இருக்கும். அங்கிளே வெளிய வந்து கேட்டத் தொறந்தாரு. உள்ள என்னா பேசுனாங்கன்னு எனக்குத் தெரியாது, பையன் சொன்னத சொல்றேன். அங்கிள் மொதல்ல கேட்டது "முட்டி எப்படி இருக்கு?" போன வருசம் இவன் ஆலையில விழுந்து முட்டி வீங்குனது அவருக்குத் தெரிஞ்சிருக்கு. இவன் கால்ல விழப் போயிருக்கான், "பூஜ செய்ய நான் சாமியில்ல, எந்திரி"ன்னு சொல்லியிருக்காரு. கவர்ல 340 வெள்ளி கொண்டு போனான், சும்மா வச்சிக்கடான்னு சொல்வாருன்னு நான் நெனைச்சேன். சொல்லல. எண்ணிப் பாத்து எடுத்துக்கிட்டு, ரசீத அவன் கையில குடுத்துட்டாரு.

அன்னிக்கு ராத்திரி கமிட்டி கூடுச்சி. அஞ்சுக்கு மூணு, எடுக்குறதுன்னு முடிவாச்சி, ஒருத்தரு பாதியிலயே எந்திரிச்சிப் போயிட்டாரு, இன்னும் என் போன எடுக்கல. தலைவரு கடைசியில வாயத் தொறந்தாரு, ஒரு ரெட் கார்டு வாங்குனா சீசன் முழுக்க வெளிய, எழுதி கையெழுத்து வாங்குங்கன்னாரு. வாங்கிட்டோம். சின்னப் பசங்க திடலுக்கு அவன அனுப்பல, கோச் மன்னிக்கணும், பெத்தவங்க மூணு பேரு வேணாம்னுட்டாங்க.

ஞாயித்துக்கிழம அங்கிள்கிட்ட முடிவ சொல்லப் போனேன். "ஆடட்டும், நல்ல பையன், எடது காலு நல்லா இருக்கு"ன்னாரு. நான் சந்தோசமா கெளம்புறப்ப கூப்ட்டு நிறுத்துனாரு. "ஒங்க மேட்ச்சுக்கு மட்டும் இனிமே நான் ஊதல. அவனுக்கு பெனால்ட்டி குடுத்தா பயந்துட்டான்பாங்க, குடுக்கலன்னா பழி வாங்குறான்பாங்க. எனக்கே எதுன்னு தெரியாமப் போயிடும்." நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். மத்த டீம் மேட்ச்சுக்கு வருவாராம், எங்களுதுக்கு மட்டும் கெடையாது.

நேத்து டிரெயினிங்குல மழ. பையன் அந்த மேக்கால மூலைக்கு பந்த ஓட்டிக்கிட்டுப் போனான், எங்க ரைட் பேக் சறுக்கிட்டு கொடியத் தாண்டிப் போயிட்டான்.

—

இடதுகால்_மன்னன்:

நாலாவது ஆளு 😂 ஜெர்சி நம்பர் என்னா குடுத்தீங்க?

—

மூணாவது_லயம்:

காச எண்ணிப் பாத்து எடுத்தாரு பாருங்க, அது அவருதான். நல்லது.

—

பழைய_லைன்மேன்:

அதெல்லாம் சரி செயலாளரே, மொத மேட்ச்சு பதினாலாம் தேதி. யாரு ஊதறது? என்னக் கேக்காதீங்க, நான் கொடி மட்டும்தான், முட்டி வேற வலிக்கிது.